முருகேசனுக்குக் கொடுத்த வண்டி

மர்ஃபி டவுனில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு சாயங்காலமானால் நான்கைந்து டிரைவர்கள் வருவார்கள். கேப் ஓட்டுகிறவர்கள், வீட்டு டிரைவர்கள், எல்லாரும் இளவட்டம். போன வாரம் அவர்களில் ஒருவன் புது முதலாளியின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கடையின் பாதி மறைந்துபோயிற்று. உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “யாருப்பா அது, கரண்ட் போன மாதிரி இருக்கு,” என்று எட்டிப் பார்த்தார். மற்ற டிரைவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருவன் பானெட்டைத் தடவினான். ஒருவன் படியில் கால் வைத்து ஏறி உள்ளே பார்த்தான். யாரும் “சூப்பர்” என்று சொல்லவில்லை. அது பொறாமை என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்த முகத்தோடு திரிந்தவன் நான். நடந்ததை எழுதிவைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

என் பெயர் எத்திராஜ். பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர் கன்டோன்மென்ட். பழைய ஆட்கள் தண்டு என்பார்கள். ஸ்டியரிங் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் லாரியில் கிளீனராக ஏறி, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று போய்வந்ததில் கியர் பிடிபட்டது. லைசன்ஸ் எடுத்தேன். சிவாஜிநகரில் ஒரு டிராவல்ஸில் அம்பாசிடர் ஓட்டினேன்.

அந்த நாட்களில் ஒரு சம்பவம் மட்டும் இங்கே வேண்டும். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கூட்டத்தில் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கறிகாய்ப் பையோடு குறுக்கே போன ஒரு பெரியவரை பம்பர் முழங்காலுக்குக் கீழே தட்டியது. அவர் அப்படியே பின்னால் சாய்ந்து பானெட் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, கால் இரண்டும் தொங்க, “அந்தா ஹை க்யா ரே?” என்று ஆரம்பித்தார். குருடனாடா என்று அர்த்தம். பிறகு கன்னடத்தில் திட்டினார். நான் தமிழன் என்று தெரிந்ததும் தமிழில் திட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவிட்டேன். வழியெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார். வண்டி மனிதனை இடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலில் அடிபடும், ஆள் பானெட் மேல் விழுவான், எழுந்து திட்டுவான்.

அப்புறம் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே ரிட்டயரும் ஆனேன். எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளை நிற சின்ன கார், தாழ்வான வண்டி. ஏர்போர்ட்டிலிருந்து ஆட்களை அழைத்து வருவது, ஆபீசர்களைக் கூட்டிப்போவது, இதுதான் வேலை.

எங்கள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் நஞ்சப்பா. மண்டியா பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார்; கன்னடம் உள்ளே புகுந்து புகுந்து வரும். ஒரு நாளும் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. காலையில் சாவி வாங்கப் போனால் சாவியை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு கேட்பார்: “வண்டிய சுத்தி வந்தியா?”

“வந்தேன் சார்.”

கொஞ்ச நேரம் முகத்தைப் பார்ப்பார். பிறகு அதே கேள்வி, அதே வார்த்தை, அதே குரல்: “வண்டிய சுத்தி வந்தியா?”

பொய் சொன்னவனுக்கு இரண்டாவது தரம் நாக்கு குழறிவிடும். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஹோகு, போய் டீ குடிச்சிட்டு வா,” என்பார். ஒருநாள் என் வண்டிக்கு அடியில் நாய் படுத்திருந்தது. நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். நஞ்சப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சாவியைப் பையில் போட்டார். நாய் தானாக எழுந்து சோம்பல் முறித்துப் போகிறவரை எனக்குச் சாவி கிடைக்கவில்லை. காத்திருந்த கெஸ்டுக்கு அவரே போன் பண்ணி, தப்பு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு என் ஆயுசில் நான் வண்டியைச் சுற்றாமல் ஏறியதில்லை.

சுற்றுவதற்கும் முறை இருந்தது. டிரைவர் கதவிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் போக வேண்டும். குனிந்து அடியில் பார்க்க வேண்டும். இடதுபக்கம் வந்து, கடைசியாக முன்பக்கம். முன்பக்கம் பார்த்த கையோடு ஏறிவிட வேண்டும். நடுவில் போன், பேச்சு, எதுவும் கூடாது. “பாத்த பார்வை சாம்பார் மாதிரி குரு. வெச்சிருந்தா ஊசிப்போகும்,” என்பார்.

முருகேசன் எனக்கு ரொம்பப் பிறகு வந்து சேர்ந்தவன். அத்திபெலேக்காரன். இஸ்திரி கலையாத சட்டை. கன்னடம் பேசினால் அவன் தமிழன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த புதிதிலேயே கெஸ்டுகள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். என் மனைவி பத்மாவுக்கு ஒருநாள் காய்ச்சல் அதிகமாகி, நான் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டபோது, லீவில் இருந்தவன் ஆட்டோ பிடித்து வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நன்றியாகத்தான் இருந்திருக்க வேண்டும் எனக்கு. அதற்குப் பிறகு பத்மா என் டிபன் பாக்ஸில் அவனுக்கும் இரண்டு இட்லி வைப்பாள். அவன் சாப்பிட்டுவிட்டு, “அண்ணி கை மணமே தனி,” என்பான். நான் வீட்டில் வந்து அதைச் சொல்ல மாட்டேன். அவனே எப்போதாவது போனில் சொல்லிவிடுவான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது வேறு. நஞ்சப்பா எல்லாரிடமும் இரண்டு தரம் கேட்கிற கேள்வியை முருகேசனிடம் ஒரு தரம்தான் கேட்பார். “வந்தேன் சார்” என்பான், உள்ளங்கை திறந்துவிடும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் டைரக்டருக்குப் பெரிய வண்டி வந்தது. கறுப்பு நிறம். பானெட் என் நெஞ்சுக்கு வந்தது. ஏறுவதற்குப் படி. முன்பக்கம் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. டிரைவர்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். சீனியர் நான், எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், முருகேசனும் சொன்னான். மறுநாள் முடி வெட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். நஞ்சப்பா எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, “முருகேசா, பா இல்லி,” என்று அவனை அருகே கூப்பிட்டு, அந்தச் சாவியை அவன் கையில் வைத்தார்.

பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். “டைரக்டர் சார் அவன கேட்டாரு,” என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “வண்டியதானே கொடுத்தாங்க, பொண்ணையா கொடுத்தாங்க அவனுக்கு? சாப்பிடுங்க,” என்றாள்.

அந்த வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தினால் என் ஜன்னலுக்கு நேரே அதன் டயரும் படியும்தான் தெரியும். மேலே கண்ணாடி இறங்கும். “அண்ணா, சாப்டீங்களா?” என்பான் முருகேசன். கழுத்தை அண்ணாந்து பதில் சொல்ல வேண்டும். அவனோ மரியாதையாகத்தான் கேட்டான். ஆனாலும் மேலிருந்து கேட்டான். தினமும் காலையில் நான் அந்த வண்டியை ஒரு பார்வை பார்ப்பேன், எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று. விழவே இல்லை.

கலா பத்மாவின் தங்கை. கூடப் பிறந்த ஆண் பிள்ளை கிடையாது, அக்கா தங்கை இரண்டு பேர்தான். கலாவின் வீடு காடுகோடியில். கணவன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். ஒரு பெண் குழந்தை. கான்ட்ராக்டரிடம் சொல்லி எங்கள் கம்பெனியிலேயே அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். குள்ளமான பெண். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று அவள் காலடியில் மணைப்பலகை போட்டார்கள். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

அன்று காலையில் தூறல். ஆபீஸ் முன்வாசலில் தரை வழுக்கும் என்று மஞ்சள் பலகைகள் வைத்திருந்தார்கள். பெரிய வண்டி வாசலில் நின்றது. முருகேசன் சுற்றி வந்து, முன்பக்கம் பார்த்து, ஏறி உட்கார்ந்தான். டைரக்டர் வந்தார். ஒரு காலைப் படியில் வைத்தபடி யாருடனோ போனில் பேசிக்கொண்டே நின்றார். நான் பேஸ்மென்ட்டிலிருந்து என் வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு வந்து, வழி கிடைக்கட்டும் என்று பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன்.

காற்றில் ஒரு மஞ்சள் பலகை சரிந்து சறுக்கிக்கொண்டு போய்ப் பெரிய வண்டியின் மூக்குக்கு நேரே விழுந்தது. கலா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அதை எடுக்க வந்தாள். அதே நேரம் டைரக்டர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

என் தாழ்வான வண்டியிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவளுடைய பச்சை யூனிபாரம், நீல ரப்பர் செருப்பு, பலகையை எட்டுகிற கையில் வளையல். முருகேசனும் தெரிந்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். நேராகப் பார்த்தான். அவன் பார்வை அவள் தலைக்கு மேலே போயிற்று. வண்டி நகர்ந்தது, தேர் நகருகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

கதவைத் திறந்துகொண்டு, “நிறுத்துடா!” என்று கத்தினேன். நிறுத்தினான். அதற்குள் இடித்துவிட்டது. குனிந்திருந்தவளைத் தோளிலும் விலாவிலும் இடித்தது. சாய்ந்து விழ அங்கே பானெட் இல்லை, சுவர்தான் இருந்தது. கீழே விழுந்தாள். முன்டயர் அவள் இடுப்பில் ஏறி நின்றது.

முருகேசன் குதித்து இறங்கினான். அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய், “கலா, அசையாதம்மா, அசையாத,” என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். வண்டியைப் பின்னால் எடுக்கலாம் என்று நான் ஏறப் போனேன். செக்யூரிட்டிகள் தடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி அவளை வெளியே எடுத்தார்கள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. விலா எலும்புகள், தோள்பட்டை எலும்பு. ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். “உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா நடக்க மாசக்கணக்கா ஆகும்.” பிறகு தன் இடுப்பிலிருந்து நெஞ்சு வரை கையை வைத்துக் காட்டினார். “முன்னெல்லாம் கார் இடிச்சா கால் உடைஞ்சு வருவாங்க. இந்த உயர வண்டிங்க இங்க இடிக்குது. ஆளைக் கீழ தள்ளுது.” ரஸ்ஸல் மார்க்கெட் பெரியவர் பானெட் மேல் உட்கார்ந்து திட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே திட்டக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

வராந்தாவில் பத்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவன் போன் பேசிக்கிட்டு ஓட்டினான்னு சொல்லுங்க. நீங்கதானே பக்கத்துல இருந்து பாத்தீங்க. அவன சும்மா விடக் கூடாது.” இட்லி வைத்துக் கொடுத்த அதே பத்மா.

மறுநாள் அட்மின் மேனேஜர் கூப்பிட்டார். அவர் வடக்கத்திக்காரர், இந்தியில்தான் பேசுவார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. டிரைவரின் கவனக்குறைவுதான் காரணம், இதில் வேறு பேச்சே இல்லை என்றார். “நீ பார்த்த சாட்சி. உன் சொந்தக்காரப் பெண் வேறு. போலீஸில் அப்படியே சொல்லிவிடு. அவனை அனுப்பிவிடலாம். நீதான் சீனியர், இனிமேல் டைரக்டர் வண்டி உன்னுடையது.”

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். மச்சினி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் குளுகுளு என்று இருந்தது. கீறலாவது விழாதா என்று காத்திருந்தவனுக்கு முழு வண்டியே கிடைக்கப் போகிறது. நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவன் கவனமாகத்தான் பார்த்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் போதும். “யோசிச்சு சொல்றேன் சார்,” என்று எழுந்து வந்தேன்.

வெளியே நஞ்சப்பா நின்றிருந்தார். கையில் பெரிய வண்டிச் சாவி. உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. “பா,” என்று முன்வாசலுக்குக் கூட்டிப்போனார். வண்டியை முந்தினநாள் நின்ற அதே இடத்தில் நிறுத்தியிருந்தார்.

“ஏறு,” என்றார்.

அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. என்ன சொல்ல! காம்பவுண்டுக்கு வெளியே ரோடு தெரிந்தது, மெட்ரோ தூண்கள் தெரிந்தன, கேட்டில் நிற்கிறவர்களின் தலைகள் தெரிந்தன. இதைத்தானே அவன் தினமும் அனுபவித்தான் என்று வயிறு எரிந்தது, அந்த நேரத்திலும்.

நஞ்சப்பா மஞ்சள் பலகையை வண்டிக்கு முன்னால் போட்டார். “காணுதா?”

“இல்ல சார்.”

அதை எடுக்கக் குனிந்தார். ஆறடி மனிதர்; காணாமல் போய்விட்டார். “காணுதா?” என்று குரல் மட்டும் வந்தது.

“இல்ல சார்.”

ஹவுஸ்கீப்பிங்கில் கலா உயரமே இருக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நேராக நிற்க வைத்தார். அவளுடைய வகிடு மட்டும் தெரிந்தது. “பின்னால போம்மா, போ, போ,” என்றார். அவள் போய்க்கொண்டே இருந்தாள். நெற்றி, முகம், தோள் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவள் செருப்பு என் கண்ணில் படுகிறபோது அவள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தாள். பிறகு என் சின்ன வண்டியை அதே இடத்தில் நிறுத்தி உட்காரச் சொன்னார். அவள் நான்கு எட்டு தள்ளி நின்றபோதே செருப்பு தெரிந்தது.

நஞ்சப்பா ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். “எத்திராஜு, நேத்து நீ என்ன பாத்தே?”

சொன்னேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது, போன் இல்லை, மூன்று பக்கமும் பார்த்தான், மெதுவாகத்தான் எடுத்தான், அவளை அவனுக்குத் தெரியவில்லை.

என் முகத்தையே பார்த்தார். “எத்திராஜு, நேத்து நீ என்ன பாத்தே?”

அதையே சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

“ஸ்டேஷன்ல அதையே சொல்லு. ஸ்வல்பமும் சேக்காத, ஸ்வல்பமும் குறைக்காத,” என்றார்.

டிராஃபிக் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். “அடிபட்டது உங்க மச்சினின்னு சொல்றீங்க. அவனுக்காக ஏன் இவ்ளோ பேசறீங்க?”

“அவனுக்காகப் பேசல சார். அவன எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.”

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

கேஸ் அதன் போக்கில் நடந்து, முருகேசனுக்குப் பெரிய தண்டனை இல்லாமல் முடிந்தது. வேலையும் போகவில்லை, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த டைரக்டரே அவன் பக்கம் பேசினார். நஞ்சப்பா விடாமல் அலைந்து முன்வாசலை மாற்றவைத்தார். நடப்பவர்களுக்குத் தனியாகக் கம்பி கட்டிய வழி போட்டார்கள். உயரமான வண்டிகள் வாசலில் நிற்கக் கூடாது, தள்ளித்தான் நிற்க வேண்டும்; செக்யூரிட்டி முன்னால் நின்று கை காட்டினால்தான் எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே நனைந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று ஆபீசர்கள் முணுமுணுத்தார்கள். நஞ்சப்பா குடைகள் வாங்கி வைத்தார்.

பத்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், சொல்ல வேண்டியதைத் தட்டு வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள்.

முருகேசன் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கலாவின் கணவன் முதல் நாள் அவனை அடிக்கப் பாய்ந்தான். மறுநாளும் முருகேசன் வந்து வராந்தாவில் நின்றான். எத்தனை நாள் ஒருவனைத் துரத்த முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தான். மருந்து வாங்கி வந்தான். கலாவின் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வந்தான். பத்மாவே அவனுக்கு பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்ததை ஒருநாள் என் கண்ணால் பார்த்தேன். என்னோடு அப்போதும் பேச்சு இல்லை. உண்மையைச் சொன்னவனுக்குத் தட்டுச் சத்தம், இடித்தவனுக்குக் காபி.

கலாவிடமே ஒருநாள் சொல்லிக்காட்டினேன். “உன்ன இடிச்சவன் பெரிய மனுஷனா ஆயிட்டான்.”

அவள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். “மாமா, அன்னைக்கு என்ன நல்லா பாத்தது நீங்கதான். அவர் கண்ணுல நான் படவே இல்ல. இப்போ அவர் தினம் வந்து பாக்கிறாரு. நீங்க ஞாயித்துக்கிழமை வர்றீங்க.”

நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனேன்.

முருகேசன் வேலைக்குத் திரும்பியதும் பெரிய வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நஞ்சப்பா என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். என் வெள்ளை வண்டியை முருகேசன் எடுத்துக்கொண்டான்.

இத்தனை நாள் ஏங்கிய வண்டி. முதல் நாள் காலையில் சுற்றி வந்து, முன்பக்கம் பார்த்து, ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகப் போனேன். முன்னால் யாராவது வந்திருந்தால்? இறங்கிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஏறினேன். ஏறுகிற நேரத்தில் வந்திருந்தால்? மறுபடி இறங்கினேன். கை காட்ட நின்ற செக்யூரிட்டி, “யாரும் இல்லண்ணா, எடுங்க,” என்றான். டைரக்டர் பின்சீட்டில் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். நான் மெதுவாக எடுத்தேன். ரிட்டயர் ஆகிறவரை அந்த வண்டியை மெதுவாகத்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கால் கட்டைவிரல் மடங்கிக்கொள்ளும்.

ஒருநாள் ஹோப் ஃபார்ம் சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்து வரிசையில் முருகேசன், என் பழைய வண்டியில். சிக்னல் விழப்போகிறது, கைக்குழந்தையோடு ஒரு பெண், கூட ஒரு வயசான அம்மா, பாதி ரோட்டில் தயங்கி நின்றார்கள். எனக்கு முன்னால் வந்தபோது அவர்கள் தலைகள் மட்டும் பானெட்டுக்கு மேலே நகர்ந்தன. அவர்கள் என் வண்டியை அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடியில் வெயில் அடித்ததில் என் முகம் தெரிந்திருக்காது. போங்கள் என்று கை காட்டினேன். அதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. பயந்து ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முருகேசன் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, “ஹோகி அம்மா, நிதானவாகி ஹோகி,” என்றான். அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டு பேரும் அவன் வண்டி முன்னால் நிதானமாகக் கடந்து போனார்கள். அவர்களுடைய செருப்புகூட அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வண்டியை எடுத்தான்.

இத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய வண்டி மேல் எனக்கு வயிறு எரிந்தது. கீழே இருந்தபோது மேலே இருந்தவனைப் பார்த்து எரிந்தேன். மேலே வந்த பிறகு கீழே இருக்கிறவனைப் பார்த்து. வண்டி மாறியது, பொறாமை மட்டும் அதே ஆள் மேல் நின்றது.

கலா கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். ரிசப்ஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மகளுக்குக் காது குத்தினபோது, தாய்மாமன் இடத்தில் மணையில் உட்காரவைத்துக் குழந்தையை முருகேசன் மடியில் கொடுத்தார்கள். நான் அக்கா புருஷன். அந்த இடம் எனக்கு எந்த முறையிலும் வராது. நியாயம் தெரியும். ஆனாலும் அன்று பந்தியில் எனக்குப் பாயசம் கசந்தது. பரிமாறிய பத்மா, “என்ன, இனிப்பு பத்தலையா?” என்றாள். அவள் என்னோடு பேச ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருந்தது.

ரிட்டயர் ஆன அன்று சாயங்காலம் மாலை, சால்வை எல்லாம் முடிந்து, பெரிய வண்டிச் சாவியை நஞ்சப்பாவுக்குப் பிறகு வந்த சூப்பர்வைசரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். முருகேசன் கேட் வரைக்கும் கூட நடந்தான். அத்தனை வருஷமும் அடக்கிவைத்ததைக் கேட்டுவிட்டேன்.

“முருகேசா, பயந்துக்கிட்டுதானே அந்த வண்டிய என் தலையில கட்டினே?”

அவன் நின்றுவிட்டான். “பயம் இருந்துச்சுண்ணா, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காகக் கொடுக்கல. கொஞ்ச நாள் ஓட்டினா பயம் போயிருக்கும்.”

“பின்ன?”

“ஸ்டேஷன்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு நஞ்சப்பா சார் சொன்னாரு. வீட்டுல அண்ணி பேசாம இருந்ததும் தெரியும். உங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்னு யோசிச்சேன். அந்த வண்டி மேல உங்களுக்கு எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதா? தினமும் காலையில வந்து அதையே பாப்பீங்களே. அதான், அண்ணனுக்கே கொடுங்கன்னு சார்கிட்ட சொன்னேன்.”

கீறல் இருக்கிறதா என்று பார்த்ததை அவன் ஆசை என்று நினைத்திருக்கிறான். அப்படியே நினைத்துக்கொண்டு, எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறான். அதில் உட்கார்ந்து நான் தினம் தினம் கால் விரலை மடக்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று பார்த்தேன்.

அத்திபெலே பஸ் வந்தது. “வரேண்ணா, அண்ணிய கேட்டதா சொல்லுங்க,” என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டான். படியில் நின்று கை காட்டினான். சட்டை அப்போதும் கசங்காமல்தான் இருந்தது. அவனுடைய வண்டி, அவனுடைய கன்னடம், நஞ்சப்பாவின் ஒற்றைக் கேள்வி, பத்மாவின் இட்லி, கலாவின் வீட்டு மணை என்று எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டு முடித்துவிட்டேன் என்று இருந்தேன். அவனிடம் பொறாமைப்பட எனக்கு இன்னும் ஒன்று, அந்த மனசு, மிச்சம் இருந்திருக்கிறது. அன்றைக்கு அதையும் காட்டிவிட்டுப் போனான்.